டி.எல். சார்

அப்பா அம்மா வைத்த பெயர் ஒன்று அவருக்கு உண்டு. ஆதார் அட்டையில் அது பத்திரமாக இருக்கிறது. கால் சென்டர் தளத்தில் யாரும் அதைச் சொல்லி அழைத்ததில்லை. டீம் லீடர், சுருக்கமாக டி.எல். வேலைக்குச் சேர்ந்த அன்று ‘டி.எல். சார்’, ஒரு வாரம் போனால் வெறும் ‘டி.எல்.’, வேலையை விட்டுப் போகிற அன்று ‘அந்த ஆளு’.

சென்னை அண்ணா சாலையிலிருந்து பிரியும் ஏதாவது ஒரு சந்துக்குள் போங்கள். கீழே ஜெராக்ஸ் கடை, முதல் மாடியில் டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட், அதற்கு மேல் அவருடைய ராஜ்யம். வரிசை வரிசையாகப் பிள்ளைகள் ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு கிரெடிட் கார்டும் பர்சனல் லோனும் விற்கிறார்கள். ‘இன்ன பேங்க்லேர்ந்து பேசுறேன் சார்’ என்றுதான் ஆரம்பிப்பார்கள். சம்பளம் தருவது பேங்க் இல்லை, பேங்குக்கு ஆள் பிடித்துக் கொடுக்கும் ஏஜென்சி. பாதிப் பேருக்கு அந்த பேங்கில் கணக்குகூட இருக்காது.

அங்கே தேதி தெரிய காலண்டர் வேண்டியதில்லை, டி.எல். முகம் போதும். 1-ஆம் தேதி அவரைப் போல நல்லவர் கிடையாது. “சாப்டியாம்மா? அம்மாவுக்கு உடம்பு எப்படி இருக்கு?” 10-ஆம் தேதி அம்மாவை மறந்துவிடுவார். 20 தாண்டினால் சாப்பாட்டையும் மறப்பார், தன்னுடையதையும் சேர்த்து. 28, 29 தேதிகளில் நாற்காலியில் உட்காரவே மாட்டார். வரிசைகளுக்கு நடுவே கைதட்டிக்கொண்டே நடப்பார். மாதத்துக்கு 31 நாள் இருந்தால் சாமிக்கு நன்றி சொல்வார். பிப்ரவரியை வகுத்தவன் சேல்ஸில் இருந்தவனாக இருக்கவே முடியாது என்பது அவருடைய தீர்மானமான கருத்து.

காலை ஒன்பதரைக்கு ஹடில். எல்லோரும் வட்டமாக நிற்க வேண்டும். உட்கார்ந்தால் எனர்ஜி இறங்கிவிடுமாம். ஒவ்வொருவரும் அன்றைக்கு எத்தனை கார்டு என்று கமிட்மென்ட் கொடுத்தாக வேண்டும்.

“சொல்லும்மா, இன்னிக்கு எத்தனை?”

“ஒண்ணு சார்.”

“ஒண்ணா? ஒரு கார்டுக்கு எதுக்கு ஆவடியிலேர்ந்து ட்ரெயின் ஏறி வர்றே?”

“ரெண்டு சார்.”

“ரெண்டு நேத்து சொன்னது. நேத்து வராததையும் சேத்து சொல்லு.”

“நாலு சார்.”

“சூப்பர்! எல்லாரும் கை தட்டுங்கப்பா!”

இன்னும் விற்காத நாலு கார்டுக்குக் கைதட்டல் எழும். அது அடங்குவதற்குள் மேனேஜரின் போன் வந்துவிடும். இதே பேரம் இப்போது டி.எல்.லுக்கு நடக்கும். குழுவுக்கு இருபது என்று ஆரம்பிப்பவர் முப்பத்தைந்தில் ‘ஷ்யூர் சார்’ என்று போனை வைப்பார். மேனேஜருக்கு மேலே ஏரியா மேனேஜர், அவருக்கு மேலே இன்னொருவர். பத்தரை மணிக்குள், ஒரு போன்கூடப் போகாமலேயே, நகரம் முழுக்க அமோக விற்பனை ஆகியிருக்கும். சாயங்காலம் அந்த எண் வந்த படி வழியாகவே கீழே இறங்கும். துணைக்கு வசவும் இறங்கும்.

அந்தத் தளத்தில் ஹெட்செட் மாட்டியவன் என்ற முறையில் ஒன்று சொல்கிறேன். கார்டு விற்பது பிள்ளைகள். டி.எல். விற்பது பிள்ளைகளிடம். இது நல்ல வேலை, இந்த மாசம் இன்சென்டிவ் நிச்சயம், ஆறு மாசத்தில் நீயும் டி.எல். ஆகலாம் என்கிற மூன்று சரக்கையும் அவர் தினமும் காலையில் புதிதாக விற்றாக வேண்டும். நேற்று வாங்கியவர்கள் ராத்திரி வீட்டுக்குப் போய் யோசித்துவிட்டு, காலையில் திருப்பிக் கொடுத்துவிடுவார்கள். திங்கட்கிழமை சேர்ந்த பையன் புதன்கிழமை மத்தியானம் சாப்பிடப் போவான். அவன் பை இருக்காது, தண்ணீர் பாட்டில் மட்டும் மேசையில் இருக்கும். அன்று சாயங்காலமே டி.எல். அடுத்த ஆளுக்கு இன்டர்வியூ நடத்திக்கொண்டிருப்பார்.

பிள்ளைகள் ஓடுவதற்கு டார்கெட்டைவிட டயலர்தான் காரணம் என்பேன். முன்பெல்லாம் எண்ணைக் கையால் அழுத்தி, மணி அடிக்கிற நேரத்தில் கொட்டாவியாவது விடலாம். டயலர் என்கிற மென்பொருள் ஒரே நேரத்தில் பல எண்களைத் தானே கூப்பிடும். யார் எடுக்கிறாரோ அவரைச் சும்மா இருக்கிற காதில் தள்ளிவிடும். ஒருவர் திட்டி வைத்த மறு விநாடி அடுத்தவர் ‘ஹலோ’ என்பார். உங்கள் போனும் சில சமயம் மணி அடித்திருக்கும், எடுத்தால் எதிர்முனையில் சத்தமே இருந்திருக்காது. பேய் இல்லை. நீங்கள் எடுத்துவிட்டீர்கள், அந்தப் பக்கம் பேசக் காது காலியாக இல்லை, அவ்வளவுதான்.

டி.எல். திரையில் ஒவ்வொரு பிள்ளையும் ஒரு வண்ணக் கட்டம். பச்சை என்றால் பேசுகிறாள். மஞ்சள் என்றால் அழைப்புக்குக் காத்திருக்கிறாள். சிவப்பு என்றால் எழுந்து போயிருக்கிறாள். பாத்ரூமுக்குப் போவதற்கு அங்கே ‘பயோ’ என்று பெயர். சிவப்பு கொஞ்ச நேரம் நீடித்தால் டி.எல். முகமும் அதே நிறத்துக்கு வந்துவிடும். “என்னப்பா, அவ பயோ போயி எவ்ளோ நேரம் ஆச்சு?” என்று அவர் தளத்துக்கே கேட்கிற குரலில் விசாரிப்பதால், வெட்கத்துக்குப் பயந்து தண்ணீரே குடிக்காமல் இருக்கப் பழகிய பெண்கள் உண்டு. இதை அவர் சாதனையாகவும் சொல்லிக்கொள்வார். அந்த ஒரு விஷயத்தில் எனக்கு அவரைப் பார்த்துச் சிரிக்கத் தோன்றுவதில்லை.

வாடிக்கையாளர் ஒரு தடவை ‘வேண்டாம்’ என்றால் அது வேண்டாம் ஆகாது. மூன்று தடவை சொல்ல வேண்டும் என்பது தளத்துச் சட்டம். ஒவ்வொரு வேண்டாமுக்கும் ஒரு ரிபட்டல், அதாவது மறுபதில், தாளில் அச்சடித்து மேசைத் தடுப்பில் ஒட்டியிருக்கும். ஏற்கெனவே கார்டு இருக்கிறதா? ‘அதனாலதான் சார் உங்களுக்குக் கூப்பிடுறோம், இல்லாதவங்களுக்கு யாரு சார் தர்றா?’ கடன் என்றாலே பிடிக்காதா? ‘உங்களை மாதிரி ஆளுங்களுக்குத்தான் சார் வட்டி கம்மி.’ வண்டி ஓட்டிக்கொண்டிருக்கிறாரா? ‘சிக்னல்ல நிக்கும்போது சொல்லுங்க சார், நான் லைன்லயே இருக்கேன்.’ கடைசியில் சொன்னது டி.எல்.லின் சொந்தத் தயாரிப்பு.

அவர் கையில் மூன்று வசதிகள் உண்டு. ஒன்றில் எந்த அழைப்பையும் சத்தமில்லாமல் ஒட்டுக்கேட்கலாம். இரண்டாவதில் பிள்ளையின் காதில் மட்டும் கிசுகிசுக்கலாம். மூன்றாவதை அழுத்தினால் மூன்று பேரும் பேசலாம். ஒரு மத்தியானம் மயிலாப்பூரில் தனியாக இருக்கும் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர் மாட்டினார். மகன் அமெரிக்காவில். முட்டிவலியில் ஆரம்பித்து, காப்பிப் பொடி விலை, பேரனுக்குத் தமிழ் வராதது என்று போய்க்கொண்டே இருந்தது பேச்சு. இந்தப் பக்கத்துப் பெண் ‘ஆமா சார், ஆமா சார்’ என்று நிம்மதியாக இருந்தாள். திட்டாத மனிதர், பேச்சு நேரமும் கணக்கில் ஏறுகிறது. டி.எல்.லுக்குப் பொறுக்கவில்லை. இரண்டாவதற்குப் பதில் மூன்றாவதை அழுத்திவிட்டார்.

“வயசு தாண்டிடுச்சும்மா, அப்ரூவ் ஆகாது! கட் பண்ணிட்டு அடுத்த ஆளப் பாரு!”

கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை.

“யாருப்பா அது நடுவுல?” என்றார் பெரியவர்.

“டீம்... டீம் லீடர் சார்.”

“அப்படியா? மணி மூணாகப் போகுதே, சாப்ட்டியாப்பா நீ?”

அதற்கு டி.எல்.லிடம் ரிபட்டல் இல்லை.

எல்லோரும் தலைமையாசிரியர்கள் இல்லை. ஒருநாள் எவனோ ஒருவன் பேசிய பேச்சில் ஒரு பெண் ஹெட்செட்டைக் கழற்றிப் போட்டுவிட்டு அழுதாள். டி.எல். டீ வாங்கிவரச் சொல்லிவிட்டுப் பக்கத்தில் நின்றார். “அவன் உன்னையாம்மா திட்டுனான்? பேங்கைத் திட்டுறான். நீதான் பேங்கே இல்லியே!” அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது, திரும்ப மாட்டிக்கொண்டாள். அவர் அப்போதுதான் மாடிப்படியில் நின்று மேனேஜரிடம் அதைவிட மோசமாக வாங்கிக் கட்டிக்கொண்டு வந்திருந்தார் என்பது டீ வாங்கப் போன பையனுக்கு மட்டும் தெரியும்.

சட்டமும் அவருக்கு அத்துப்படி. விற்பனை அழைப்புகள் 140 என்று தொடங்கும் எண்ணிலிருந்து வர வேண்டும். தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2010-ல் போட்ட விதிகளுக்குப் பதிலாக 2018-ல் இன்னும் இறுக்கமான புதிய விதிகளைப் போட்டது. கார்டு விற்கிறவர்கள் காலை 10 முதல் மாலை 7 வரைதான் கூப்பிடலாம் என்று ரிசர்வ் வங்கி 2022-ல் வழிகாட்டுதல் போட்டது. எல்லாவற்றையும் ஒப்பிப்பார். ஒப்பித்து முடித்ததும், “140-ல கூப்பிட்டா எவன் எடுப்பான்?” என்று மேசை இழுப்பறையைத் திறப்பார். சாதாரண மொபைல் சிம் கார்டுகள் உள்ளே ரப்பர் பேண்டு போட்டு இருக்கும். அவருடைய சொந்த போனில் மட்டும் ‘ஸ்டார்ட் 0’ என்று 1909-க்கு அனுப்பி, எல்லா விளம்பர அழைப்புகளையும் எப்போதோ தடுத்துவிட்டார். போதாததற்கு ட்ரூகாலர் வேறு.

மாசக் கடைசியில் குழுவுக்கு ஒன்றிரண்டு குறைந்தால் அவரே விண்ணப்பம் போடுவார். பிறகு மனைவி, மச்சினன், மச்சினனின் பார்ட்னர். சொந்தக்காரர் கல்யாணங்களில் அவரைப் பார்த்தால் பந்திக்கு முதல் ஆளாக ஓடுகிறார்கள், பசியினால் அல்ல. இதற்கு விலையும் கொடுத்திருக்கிறார். ஒவ்வொரு விண்ணப்பமும் கடன் அறிக்கையில் ஒரு விசாரணையாகப் பதிவாகும். குறைந்த காலத்தில் அவை கூடினால் 300 முதல் 900 வரை போகிற சிபில் மதிப்பெண் இறங்கும். ஊருக்கெல்லாம் லோன் வாங்கிக் கொடுத்தவருக்கு வீட்டுக் கடன் மறுக்கப்பட்டது. மறுத்த பேங்கின் அதிகாரியிடம் மூன்று ரிபட்டலையும் சொல்லிப் பார்த்தார்.

இத்தனை தடுப்பையும் தாண்டி ஒருநாள் அவருக்கே ஒரு அழைப்பு வந்துவிட்டது. வேறு ஏஜென்சிப் பெண். பாதியில் நிறுத்தினார்.

“ஓப்பனிங் சரியில்லம்மா. கஸ்டமர் பேரைச் சொல்லு, மூச்சு விடு, அப்புறம் ஆஃபரைச் சொல்லு. எவ்ளோ தர்றாங்க அங்க?”

அவள் சொன்னாள்.

“இங்க வந்துடு. ஆயிரம் கூடப் போட்டுத் தர்றேன்.”

“வேண்டாம் சார்.”

“இன்சென்டிவ் தனி.”

“வேண்டாம் சார்.”

“ஆறு மாசத்துல டி.எல். ஆக்கிடறேன்மா.”

“சார், நான் இங்க டி.எல்.தான். ஆள் இல்லாததால நானே கால் பண்றேன்.”

இந்த மாசம் உங்களுக்கும் கூப்பிடுவார்கள். ‘இப்ப பிஸி, அப்புறம் கூப்பிடுங்க’ என்று மட்டும் மரியாதைக்குச் சொல்லாதீர்கள். அந்தப் பெண் அதைக் கால்பேக் என்று குறித்தாக வேண்டும். டயலர் உங்களை நாளைக்கும் கூப்பிடும், மறுநாளும் கூப்பிடும், ஒவ்வொரு தடவையும் டி.எல். அவளிடம் ‘அவர் என்னாச்சு?’ என்று கேட்பார். வேண்டாம் என்பதை மூன்று தடவை, திட்டாமல், தெளிவாகச் சொல்லிவிட்டு வைத்துவிடுங்கள். பட்டியலிலிருந்து உங்கள் பெயரை எடுத்துவிடுவார்கள், அதே பட்டியலை அடுத்த ஏஜென்சி வாங்குகிறவரைக்கும்.