ரூம் நம்பர் சொல்லுங்க சார்!

ரூம் போடாமலே ஹோட்டலைப் பயன்படுத்துவது பற்றிக் கேள்வி அனுப்பச் சொல்லியிருந்தோம். தபால் குவிந்துவிட்டது. ஆனால் ஒருவர்கூடப் பெயர் போடச் சம்மதிக்கவில்லை. "ஊரை மட்டும் போடுங்கள், அதையும் சின்ன எழுத்தில் போடுங்கள்" என்று ஒருவர் கெஞ்சியே எழுதியிருந்தார். ஆகவே ஊரும் உத்தியோகமும் மட்டும்.

குடும்பத் தலைவி, மாம்பலம்: தி.நகரில் ஜவுளி எடுக்கப் போனால் மூன்று மணி நேரத்தில் கழிவறை தேட வேண்டியிருக்கிறது. பக்கத்திலேயே பெரிய ஸ்டார் ஹோட்டல். சும்மா உள்ளே போய்விட்டு வரலாமா? வாசலில் நிற்கும் தலைப்பாகைக்காரரின் மீசையைப் பார்த்தாலே கால் பின்வாங்குகிறது.

தாராளமாகப் போகலாம். அவர் கதவைத் திறந்துவிடத்தான் சம்பளம் வாங்குகிறார். மீசை யூனிஃபார்மோடு சேர்த்தி, உங்கள்மேல் கோபம் ஒன்றும் இல்லை. 2008 மும்பைத் தாக்குதலுக்குப் பிறகு பெரிய ஹோட்டல் வாசல்களில் ஸ்கேனர் வந்துவிட்டது. ஐந்து ஜவுளிப் பையையும் அதில் போட்டு எடுக்க வேண்டும், அதுதான் ஒரே தொல்லை.

பலர் செய்கிற தப்பு, போனைக் காதில் வைத்துக்கொண்டு கோடி ரூபாய் பிசினஸ் பேசுவதுபோல விறுவிறுவென்று நடப்பது. அந்த நடையை ரிசப்ஷனில் இருப்பவர்கள் தினமும் பார்க்கிறார்கள். பேசிக்கொண்டிருக்கும்போதே காதில் ரிங் அடித்து மானம் போனவர்கள் உண்டு. நேராக ரிசப்ஷனுக்குப் போய், "ரெஸ்ட் ரூம் எந்தப் பக்கம்ங்க?" என்று கேளுங்கள். பெரும்பாலும் கை நீட்டிக் காட்டிவிடுவார்கள். மறுத்தால் அது அவர்கள் இடம், அவர்கள் இஷ்டம். வாதாடுகிற நேரத்தில் அடுத்த ஹோட்டலுக்கே போய்விடலாம். உங்கள் அவசரம் உங்களுக்குத்தானே தெரியும்.

உள்ளே போனதும் தரைத்தளத்தோடு நின்றுகொள்ளுங்கள். மாடியெல்லாம் தங்கியிருப்பவர்களுக்கு. பல இடங்களில் கீ கார்டு தொடாமல் லிஃப்ட் நகரவே நகராது. கை துடைக்கச் சுருட்டி அடுக்கியிருக்கும் குட்டித் துண்டில் ஒன்றே ஒன்று எடுங்கள். அது போக வேண்டிய இடம் கூடை, கைப்பை அல்ல. வாஷ்பேசினில் காலைத் தூக்கி வைத்துக் கழுவுவது, குழந்தையின் கவுனை அலசிப் பிழிந்து ஹேண்ட் டிரையரில் காட்டுவது, இதெல்லாம் கூடவே கூடாது. அங்கே ஓர் அம்மா மாப்போடு ஓரமாக நிற்பார். நீங்கள் ரூம் போட்டவரா இல்லையா என்பது அவருக்குத் தெரியாது. தரை ஈரமா இல்லையா என்பது தெரியும்.

கல்லூரி மாணவர், கோவை: ரூம் போடாமல் ஹோட்டல் வைஃபை கிடைக்குமா?

ரூம் நம்பரும் பெயரும் போடச் சொல்லும். 101 என்று குத்துமதிப்பாகப் போட்டுப் பார்க்கிற ஆள் நீங்கள் என்பது கேள்வியிலேயே தெரிகிறது. ஒரு டீ சொல்லிவிட்டு பாஸ்வேர்ட் கேளுங்கள்.

ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், கும்பகோணம்: 1867-ஆம் வருடத்துச் சட்டப்படி இந்தியாவில் எந்த ஹோட்டலிலும் யார் வேண்டுமானாலும் இலவசமாகத் தண்ணீர் குடிக்கலாம், கழிவறைக்குப் போகலாம் என்று வாட்ஸ்அப்பில் வருகிறதே?

எனக்கும் வந்தது. குட்மார்னிங் ரோஜாப்பூவுக்கும் கறிவேப்பிலை மருத்துவத்துக்கும் நடுவில். சட்டம் இருந்தது நிஜம்தான். சராய் சட்டம் என்று பெயர். வழிப்போக்கர் தங்கும் சத்திரங்களைப் பதிவு செய்யவும் கண்காணிக்கவும் வெள்ளைக்காரன் போட்டது. அதில் சத்திரக்காரருக்கு என்ன கடமை என்று பட்டியலே இருக்கிறது: அறை, தாழ்வாரம், சாக்கடையைச் சுத்தமாக வைக்க வேண்டும், காவலாள் போட வேண்டும், கட்டணத்தை எழுதி மாட்ட வேண்டும், சத்திரத்தில் இறங்கும் மனிதருக்கும் விலங்குக்கும் தண்ணீர் தரும் கிணறு, குளத்தைத் துப்புரவாக வைக்க வேண்டும். தெருவில் போகிறவருக்கெல்லாம் ஓசித் தண்ணீர் என்ற வரி அந்தப் பட்டியலில் இல்லை, ஐயா. கிணறு சுத்தமாக இருக்க வேண்டும் என்பதுதான் வாட்ஸ்அப் வழியாக ஊர் ஊராகச் சுற்றி, ஃபைவ் ஸ்டாரில் பாத்ரூம் உரிமையாக வளர்ந்துவிட்டது. அந்தச் சட்டத்தைக் காட்டித்தான் வாதாடுவேன் என்றால், போகும்போது ஒரு மாட்டையும் ஓட்டிக்கொண்டு போங்கள். பாயின்ட் வலுவாக இருக்கும்.

சட்டத்தை விடுங்கள், வழி கண்ட ஊர்கள் இருக்கின்றன. 2017 ஏப்ரலில் தெற்கு டெல்லி மாநகராட்சி, ஹோட்டல்களும் உணவகங்களும் தங்கள் கழிவறையைப் பொதுமக்களுக்குத் திறந்துவிட வேண்டும், அதிகபட்சம் 5 ரூபாய் வாங்கிக்கொள்ளலாம் என்றது. உணவக முதலாளிகள் பக்கம் முணுமுணுப்புதான், வரவேற்பு இல்லை. ஜெர்மனியில் ஆலன் என்ற ஊர் 2000-லேயே இதைவிடப் புத்திசாலித்தனமாக யோசித்தது. கழிவறையைத் திறந்துவிடும் உணவகத்துக்கு நகராட்சியே பணம் கொடுக்கும், கடை வாசலில் ஒரு ஸ்டிக்கர் இருக்கும். காபி வாங்காமலே உள்ளே போகலாம், யாரும் முறைக்க மாட்டார்கள். பிறகு ஜெர்மனியில் பல ஊர்கள் அதைப் பிடித்துக்கொண்டன. நம் மாநகராட்சிகள் கோடிக்கணக்கில் கட்டிப் பூட்டி வைக்கும் கழிவறைகளைப் பார்க்கும்போது ஸ்டிக்கர் அடிக்கிற செலவு ஒன்றும் பெரிதில்லை என்று தோன்றுகிறது.

இன்சூரன்ஸ் ஏஜென்ட், சென்னை: பாலிசிதாரர்களை ஸ்டார் ஹோட்டல் லாபியில்தான் சந்திப்பேன். சோபா, ஏசி, மரியாதை எல்லாம் உண்டு. ஒரு காபிக்கு எத்தனை மணி நேரம் உட்காரலாம்?

கதீட்ரல் சாலையில் உட்லண்ட்ஸ் டிரைவ்-இன் இருந்தவரை இந்தக் கேள்வியே சென்னையில் எழுந்ததில்லை. 1962-ல் திறந்தார்கள். கார் ஜன்னலிலேயே தட்டை மாட்டிவிட்டுப் போவார்கள். கார் இல்லாதவர்களுக்கு உள்ளே மேஜை உண்டு. மருந்துக் கம்பெனி ரெப், சினிமாவில் சான்ஸ் தேடுகிறவர், பெண் பார்க்க வந்த கோஷ்டி, எல்லாரும் ஒரு காபியில் அரைநாள் ஓட்டியிருக்கிறார்கள். 2008-ல் மூடினார்கள், இப்போது அங்கே செம்மொழிப் பூங்கா. பூங்காவில் உட்காரலாம், பில் வராது. ஆனால் பாலிசி விற்காது என்பீர்கள்.

ஸ்டார் ஹோட்டல் காபி விலையோடு பெரும்பாலும் 18 சதவீத ஜிஎஸ்டியும் சேர்ந்து வரும். அந்தக் காசில் பாதி அந்த சோபாவுக்குத்தான் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு சந்திப்புக்கு ஒரு ஆர்டர் நியாயம். அடுத்த பாலிசிதாரர் வந்தால் அடுத்த காபி. காலை பத்து மணிக் கோப்பையின் அடியில் காய்ந்துபோன நுரையை மூன்று மணிவரை காவல் காக்கக் கூடாது. "தண்ணீர் மட்டும் போதும்" என்று சாமர்த்தியம் காட்டினால் பாட்டிலைத் திறந்து வைத்துவிடுவார்கள். ஹோட்டல்கள் அதை எம்.ஆர்.பி.க்கு மேல் விற்கலாம் என்று 2017 டிசம்பரில் உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது. தண்ணீர் காபியை முந்திவிடும். இன்னொன்று, பிரீமியம் தொகையைக் கொஞ்சம் மெல்லச் சொல்லுங்கள். பக்கத்து சோபாக்காரருக்கும் ஆயுள் ஒன்றுதான்.

பெயர் வேண்டாம், ஊரும் வேண்டாம்: நட்சத்திர ஹோட்டலில் கல்யாண ரிசப்ஷன் நடக்கும்போது கோட் போட்டுக்கொண்டு நுழைந்து சாப்பிட்டால் என்ன?

மண்டபம் என்றால் பந்தியில் ஓர் இலை. ஸ்டார் ஹோட்டலில் தட்டுக் கணக்கு. நீங்கள் எடுக்கிற ஒவ்வொரு தட்டும் பெண்ணைப் பெற்றவர் பில்லில் ஏறும். மொய்க் கவரில் தட்டு விலையை வைக்கத் தயாரென்றால் கோட்டை இஸ்திரி போடுங்கள்.

வங்கி ஊழியர், மதுரை: கொடைக்கானலில் மச்சான் குடும்பம் தங்கியிருந்த ஹோட்டலில் காலை டிபன் இலவசம். நாங்கள் ஆறு பேர் பக்கத்தில் ஒரு சின்ன லாட்ஜில் இருந்தோம். மச்சான் "வாங்க, நம்ம ஹோட்டல்தான்" என்றார். போனோம். வாசலிலேயே ரூம் நம்பர் கேட்டு அவமானப்படுத்திவிட்டார்கள். இது நியாயமா?

மச்சான் சொல்வதை நம்பிப் போனதுதான் முதல் கோளாறு. அந்த டிபன் இலவசமே இல்லை, ரூம் வாடகைக்குள் இருக்கிறது. வாசலில் நிற்கிற பையன் கையில் ஒரு தாள் இருக்கும். 204, இரண்டு பெரியவர், ஒரு குழந்தை என்று அதில் எழுதியிருக்கும். நீங்கள் ஆறு பேரும் போய் நின்றால் அந்தக் குழந்தை ஒரே ராத்திரியில் வளர்ந்து ஏழு பேராகிவிட்டது என்று எழுத முடியாது. கணக்கு உதைத்தால் அந்தப் பையன்தான் மேனேஜரிடம் திட்டு வாங்குவான்.

ஒரு தலைக்கு என்ன விலை என்று கேட்டுக் காசு கொடுத்திருந்தால் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்காரவைத்திருப்பார்கள். பஃபேயில் கேவலம் வேறு எதுவும் இல்லை, ஒன்றைத் தவிர. ஒருவர் பெயரில் தட்டெடுத்து மேஜைக்கடியில் மூன்று பேருக்குப் பரிமாறுவது. பொங்கலையாவது ஒளித்துவிடலாம், மசால் தோசையின் நீளத்துக்கு எந்தக் கைப்பையும் கிடையாது.

இளைஞர், திருப்பூர்: தங்காமல் நீச்சல் குளத்தில் மட்டும் இறங்கலாமா?

டே பாஸ் விற்கிற ஹோட்டல்கள் இருக்கின்றன. போன் செய்து விசாரியுங்கள். நீச்சல் உடை கட்டாயம். பனியனும் பெர்முடாஸுமாகக் குதித்தால் பாஸ் வைத்திருந்தாலும் விசில் அடிப்பார்கள்.

மாமியார், தூத்துக்குடி: திருச்செந்தூரில் ஒரு டபுள் ரூம் போட்டு, வேனில் வந்த பதினான்கு பேரும் குளித்துக் கிளம்பினோம். லாட்ஜ்காரர் சத்தம் போட்டார். ரூம் போட்டது போட்டதுதானே?

டபுள் என்றால் இரண்டு, அம்மா. ஏழு மடங்கை எந்த வாய்ப்பாட்டிலும் டபுள் என்று சொல்ல மாட்டார்கள். மேல்தொட்டி காலியாகி, பக்கத்து ரூம்காரர் தலையில் ஷாம்பு நுரையோடு நின்றிருப்பார். லாட்ஜ்காரர் கத்தியது அவருக்காகவும்தான். ரூம் எடுக்கும்போதே, "பதினான்கு பேர், குளித்துவிட்டுக் கிளம்பிவிடுவோம், என்ன கொடுக்கணும்?" என்று கேட்டிருந்தால் தலைக்கு இவ்வளவு என்று வாங்கிக்கொண்டு எக்ஸ்ட்ரா பக்கெட்டே கொடுத்திருப்பார். அதோடு, கடலில் குளித்து நாழிக்கிணற்றில் நல்ல தண்ணீரில் முங்கிக் கிளம்புகிற ஊர் அது. அங்கே போய் ஹீட்டர் தேடிய குடும்பத்துக்கு முருகன்தான் பதில் சொல்ல வேண்டும்.

பயணி, நாகர்கோவில்: ராத்திரி பஸ் நெடுஞ்சாலை மோட்டலில் நிற்கிறது. சாப்பிடவில்லை, கழிவறைக்கு மட்டும் போனேன். காசும் கேட்டு, ஏற இறங்கவும் பார்க்கிறார்கள். நான் ஏதாவது வாங்கியே ஆக வேண்டுமா?

வேண்டியதில்லை. இத்தனை கேள்வியிலும் கொஞ்சம்கூடக் கூச்சப்பட வேண்டாதவர் நீங்கள் ஒருவர்தான். அந்த இடத்துக்கு நீங்களாகப் போகவில்லை, பஸ் கொண்டுபோய் நிறுத்தியது. டிரைவருக்கும் கண்டக்டருக்கும் அங்கே உபசாரம் நடப்பது நாற்பது பேரை ஏற்றி வருவதற்காகத்தான். அந்த நாற்பதில் நீங்கள் ஒருவர். சொந்தக் காரில் போகிறவர்களுக்கு இந்தத் தொல்லை கிடையாது. திருச்சி ரோட்டில் ஏ2பி போர்டோ கும்பகோணம் டிகிரி காபி போர்டோ தெரிந்ததும் குடும்பமே இறங்கும். முதலில் எல்லாரும் பின்பக்கம் ஓடுவார்கள், அப்புறம்தான் காபி. அந்தக் கடைக்காரர்களுக்கும் இந்த வரிசை நன்றாகத் தெரியும், கழிவறைக்கு அம்புக்குறியைப் பெரிதாகப் போட்டிருப்பார்கள். மோட்டல்காரருக்கு மட்டும் இது புரியவில்லை, காரணம் பஸ் எப்படியும் வந்து நின்றுவிடும்.

டெலிவரி பாய், அண்ணா நகர்: ஒரே ஹோட்டலில் தினமும் பத்துப் பதினைந்து ஆர்டர் எடுக்கிறேன் சார். கஸ்டமர் பாத்ரூமுக்குப் போகாதே என்கிறார்கள். சாப்பிட வந்தவரோடு வந்த ஆள்கூட, ஒன்றும் சாப்பிடாவிட்டாலும் போகிறார். நான் எப்படிக் கேட்பது?

தம்பி, நாகரிகமாகக் கேட்கும் வழி எது என்று மற்றவர்களுக்குச் சொன்னேன். நீங்கள் ஏற்கெனவே நாகரிகமாகத்தான் கேட்டிருக்கிறீர்கள். இங்கே பாடம் அவர்களுக்கு. ஸ்டார் ஹோட்டலில் ஜவுளிப் பையோடு வரும் அம்மாவை யாரும் நிறுத்துவதில்லை, ஒரு ரூபாய் வியாபாரம் தராவிட்டாலும். நாள் முழுக்க வியாபாரத்தை முதுகில் சுமந்து போகிறவரை நிறுத்துகிறார்கள். காரணம் பாத்ரூம் அல்ல, டீ-ஷர்ட். அதே ஆள் ஞாயிற்றுக்கிழமை இஸ்திரி போட்ட சட்டையில் வந்தால் "வாங்க சார், டேபிள் எத்தனை பேருக்கு?" என்பார்கள்.

உடனடி யோசனை: சூப்பர்வைசரிடம் போகாமல், கூட்டம் குறைந்த நேரத்தில் முதலாளியிடமோ மேனேஜரிடமோ நேரே பேசுங்கள். ஊழியர்கள் கழிவறையையாவது திறந்துவிடச் சொல்லுங்கள். நான்கைந்து பேராகப் போனால் இன்னும் நல்லது. பெட்ரோல் பங்க்கில் காற்று, குடிதண்ணீர், கழிவறை இருக்க வேண்டும் என்பது எண்ணெய் நிறுவனங்களின் விதிமுறை. பெட்ரோல் போடுகிற இடத்தில் கூச்சமே வேண்டாம். உங்கள் அண்ணா நகரிலேயே மாநகராட்சி 2025-ல் டெலிவரி ஊழியர்களுக்கென்று ஏசி ஓய்வறை திறந்திருக்கிறது, கழிவறையும் செல்போன் சார்ஜ் போடும் வசதியும் உண்டு. ஆர்டருக்கும் ஆர்டருக்கும் நடுவில் அவ்வளவு தூரம் போய்வர ஆப் விடுமா என்பது வேறு விஷயம். வாசகர்களில் ஹோட்டல் முதலாளிகள் இருந்தால் எழுதுங்கள். அவர்கள் பெயரைப் பெரிய எழுத்திலேயே போடுவோம்.

கூச்ச சுபாவி, சேலம்: வாசலில் செக்யூரிட்டி "யாரைப் பார்க்கணும்?" என்று கேட்டால் என்ன சொல்வது?

"ரெஸ்ட் ரூமை" என்று சொல்லிவிடுங்கள். மானத்துக்குப் பயந்து "மேனேஜரை" என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். கூட்டிக்கொண்டு போய் அவர் எதிரில் உட்காரவைத்துவிடுவார்கள், அவரும் "சொல்லுங்க சார்" என்பார்.