குளிர்த்தியை அடுத்த தாளுக்குத் தள்ளுவது எப்படி?

அம்மன் கோயில் சடங்கு நிரலை இணையப் பக்கமாகச் செய்துவிட்டீர்கள். போனில் வடிவாகத் தெரிகிறது. "இதில நூறு கொப்பி அடிச்சுத் தா மனே" என்கிறார் கோயில் தலைவர். கெடுப்பதற்கு இதுதான் நேரம்.

ஸ்டைல் ஷீட்டில் அச்சுக்கென்று 'மீடியா பிரிண்ட்' பகுதி எழுதாதீர்கள். திரைக்கு அடி கிடையாது. ஏ4 தாளுக்கு 297 மில்லிமீற்றரில் அடி வந்துவிடும். மாரியில் முகத்துவாரம் வெட்டாவிட்டால் வாவித் தண்ணீர் வயலுக்குள் ஏறும் அல்லவா? பிரவுசரும் அப்படித்தான். நாம் வெட்டாவிட்டால் அது நினைத்த இடத்தில் வெட்டும்.

போன வைகாசியில் எனக்கு வெட்டியது கடைசி வரிசையை. "திங்கள் அதிகாலை, விசேட பூசை" முதல் தாளின் அடியில்; சடங்கை நிறைவுசெய்யும் "திருக்குளிர்த்தி" இரண்டாம் தாளின் உச்சியில். ஒட்டியவர்கள் முதல் தாளை மட்டும் ஒட்டினார்கள். "இந்த முறை குளிர்த்தி இல்லையா மனே?" என்று படுவான்கரை அம்மம்மாமார் வீடு தேடி வந்து கேட்டார்கள்.

வரிசைக்கு 'பிரேக்-இன்சைட்: அவொய்ட்' என்று ஒரு வரி போட்டிருந்தால் வரிசை உடையாமல் முழுதாக நகர்ந்திருக்கும். ஆகவே போடாதீர்கள். 1998 ஸ்டைல் ஷீட் தரத்திலேயே வந்த 'பேஜ்-பிரேக்-இன்சைட்' என்ற மூத்த பெயரையும், பழைய பிரவுசர்களை நினைத்து இரங்கி, சேர்த்துவிடாதீர்கள். 'நாள், நேரம், பூசை' என்ற தலைவரிசையை 'டீஹெட்'டுக்குள் வைக்கவும் வேண்டாம். தாளுக்குத் தாள் திரும்ப வந்து எல்லோருக்கும் விளங்கித் தொலைக்கும்.

ஆர்வம் மிகுந்தவர்கள் முழு அட்டவணைக்கும் 'அவொய்ட்' போடலாம். அது ஒரு தாளை விட நீளமென்றால், முதல் தாளில் கோயில் பெயர் மட்டும் தனியே நிற்க, அட்டவணை இரண்டில் தொடங்கி எப்படியும் உடைந்து மூன்றுக்குப் போகும்.

தாளின் அடியிலும் தலையிலும் ஒரு பந்தியின் எத்தனை வரி குறையாமல் நிற்க வேண்டும் என்பதைச் சொல்ல 'ஓர்ஃபன்ஸ்', 'விடோஸ்' என்று இரண்டு உண்டு. சொல்லாவிட்டால் இரண்டிரண்டு வரி. அநாதை, விதவை என்பது அச்சுக்கோப்போர் வைத்த பெயர். இந்தக் கரையில் அதை வைத்துப் பகிடி விட எனக்கு வாய் வராது. மூன்று மூன்று என்று போட்டுவிட்டுப் போங்கள்.

கடைசியாக, பிரிண்ட் பிரிவியூ பார்க்காமல் நேரே கொமினிகேஷன் கடைக்குக் கொண்டுபோய் அடியுங்கள். ஒட்டாமல் மிஞ்சிய இரண்டாம் தாள்கள் நூறும் எங்கள் வீட்டில் இருக்கின்றன, பின்பக்கம் வெறுமை. கடைக்கணக்கு எழுத வேண்டியவர்கள் வந்து எடுத்துக்கொள்ளலாம்.