தொடக்கநிலை நரியியல்

விலங்குகளை வரையப் பழகுவோர் யானையில் தொடங்குவதே பாதுகாப்பானது. ஏனெனில், துதிக்கை என்னும் ஓர் உறுப்பை மட்டும் எப்படியாவது இழுத்து முடித்துவிட்டால், ஏனைய இடங்களில் நேரும் பிழைகளைப் பார்ப்பவர் பொறுத்துக்கொள்வர். நரிக்கு அத்தகைய உறுப்பு ஏதுமில்லை. காது, மூக்கு, கால், வால் என அதனிடம் உள்ளவை அனைத்தும் நாயிடமும் இருப்பதால், அவற்றுக்கிடையிலான அளவு விகிதமே அதை நரியாக்குகிறது. அவ்விகிதம் அரை விரற்கடை பிசகினாலும் தாளில் வேறொரு பிராணி வந்து உட்கார்ந்துகொள்கிறது.

விழுப்புரத்திலோ திண்டிவனத்திலோ இக்கலையைக் கற்கத் தொடங்குபவர் முதலில் தீர்க்கவேண்டியது எந்த நரியை வரைவது என்னும் வினாவாகும். கரும்புத் தோட்டத்தில் புகுந்தும் மல்லாட்டைக் கொல்லையைத் தோண்டியும் உழவரிடம் பெயரைக் கெடுத்துக்கொண்டது பெரிய நரி. 1758இல் லின்னேயசு இதற்கு ‘கேனிஸ் ஆரியஸ்’ என்று அறிவியற்பெயர் இட்டார். அதனினும் மிகச் சிறியதாய், பெரிய காதும் உடல் நீளத்தில் பாதிக்கு மேற்பட்ட அடர்ந்த வாலும் கொண்டு, வறண்ட வெளிகளில் வளை தோண்டி வாழ்வது குள்ளநரி. 1800இல் ஜார்ஜ் ஷா விவரித்த ‘வல்பிஸ் பெங்காலென்சிஸ்’ இதுவே. இவ்விரண்டும் சாம்பலும் பழுப்பும் கலந்த நிறத்தன. இரண்டுக்கும் வால்நுனி கருப்பு.

ஆயினும் தொடக்கநிலையாளர் கையில் எடுப்பது ஆரஞ்சு வண்ணப் பென்சிலையே. ஆரஞ்சு உடலும் வெண்ணிற வால்நுனியுமாகப் படப்புத்தகங்களில் பல்லிளிப்பது செந்நரி. இந்தியாவில் அது இமயமலைப் பகுதியிலும் வடமேற்கு வறண்ட நிலங்களிலும் வாழ்கிறது. பாட்டியிடம் வடையைத் திருடிய காகத்தைப் பாடச் சொல்லும் நரியாக இதையே பழகிவிட்டமையால், திண்டிவனத்துக் கத்தரி வெயிலில், இமயத்துக் குளிருக்கென வளர்ந்த உரோம அங்கியைக் களையாமல், எண்ணெய்ப் பலகாரத்துக்காக ஒரு பிராணி மரத்தடியில் காத்து நிற்கிறது. அதன் நிலை குறித்து இதுவரை எவரும் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை.

வரையும் முறையைப் பயிற்சி நூல்கள் மிக எளிதாகவே கூறுகின்றன. தலைக்கு ஒன்று, மார்புக்கு ஒன்று, பின்தொடைக்கு ஒன்று என மூன்று வட்டங்களை மெலிதாக இட்டு, அவற்றை வளைகோடுகளால் இணைத்து, தேவையற்ற கோடுகளை ரப்பரால் அழித்தால் நரி கிடைக்கும் என்பது அவற்றின் உறுதிமொழி. புள்ளிகளை வைத்துவிட்டு இழையை எங்கே வளைப்பதென்று மறந்த கோலத்தைப் போல, வட்டங்கள் மூன்றும் அமைந்த பின்னர் அவற்றுக்கிடையே என்ன செய்வதென்று தொடக்கநிலையாளர் திகைக்கிறார். இறுதியில் தேவையற்ற கோடுகளை அழிக்கும்போது தேவையான கோடுகளும் சேர்ந்து போய்விட, தாளில் வட்டங்கள் மட்டும் தெளிவாக நிற்கின்றன.

முன்குறுக்கம் என்னும் இடையூறும் உண்டு. பார்ப்பவரை நோக்கி நீளும் உறுப்பு உண்மை நீளத்தினும் குறுகித் தோன்றுவதே முன்குறுக்கம் எனப்படும். நேர்முகமாகப் பார்க்கும் நரியின் மூக்கை வரைய இவ்வறிவு இன்றியமையாதது. அதற்கு அஞ்சுவோர் பக்கத்தோற்றத்தையே நாடுகின்றனர். வலக்கைப் பழக்கம் உடையோர் பக்கத்தோற்றத்தைப் பெரும்பாலும் இடப்புறம் நோக்கியே வரைவது இயல்பு. எனவே தாளின் மேற்புறத்தை வடக்கெனக் கொண்டால், விழுப்புரத்துத் தொடக்கநிலை நரிகள் யாவும் திருக்கோவிலூரை நோக்கியும், திண்டிவனத்து நரிகள் யாவும் செஞ்சியை நோக்கியும் சென்றுகொண்டிருக்கின்றன. கால்களை வரைய வராதோர் அவற்றைப் புல்லால் மறைத்துவிடுவதால், அவ்வழியெங்கும் மழைவளமும் சிறப்பாகவே இருக்கிறது.

பிழையின் அளவை மதிப்பிட உயிரியல் வகைப்பாடு பெரிதும் உதவும். உயிர்களைச் சிற்றினம், பேரினம், குடும்பம், வரிசை, வகுப்பு எனப் படிப்படியாக விரியும் அடுக்குகளில் வைப்பதே வகைப்பாடு. பெரிய நரியை வரைய முயன்று நாயை வரைந்தவர், இரண்டும் ஒரே பேரினமாதலால், சிற்றின அளவிலேயே பிழைத்திருக்கிறார்; இதை வெற்றி என்றே கொள்ளலாம். குள்ளநரிக்கு நாய் வந்தாலும் குடும்பம் கெடவில்லை. பூனை வந்தால் குடும்பம் போயிற்று, ஆயினும் ஊனுண்ணி வரிசை எஞ்சுகிறது. வாலில் மட்டும் அக்கறை காட்டியதால் அணில் வந்துவிட்டால், பாலூட்டி வகுப்பு என்னும் ஒன்றே ஆறுதல். “மாமா, இந்தக் காக்கா நல்லா இருக்கு” என்று வீட்டுப் பிள்ளை பாராட்டும் நிலையில், முதுகெலும்பு உண்டு என்பதைத் தவிர வாதாட வேறொன்றும் இல்லை.

நரி குதிரையாவது வகுப்பு ஒன்றுபட்டு வரிசை மாறும் பெரும்பிழையாயினும், அதற்குத் தமிழில் உயர்ந்த முன்னுதாரணம் உண்டு. குதிரை வாங்கத் தந்த பொருளை மாணிக்கவாசகர் திருப்பெருந்துறையில் இறைபணிக்குச் செலவிட்டுவிட, சிவபெருமான் நரிகளைப் பரிகளாக்கிப் பாண்டியனிடம் சேர்ப்பித்ததையும், இரவில் அவை மீண்டும் நரிகளாகி ஊளையிட்டதையும் திருவிளையாடற்புராணம் கூறுகிறது. தொடக்கநிலையாளரின் நரியும் குதிரையாகிவிடுவதுண்டு. இரவெல்லாம் காத்திருந்தாலும் அது மீண்டும் நரியாவதில்லை என்பதே வேறுபாடு.

இவ்வளவு இடர்ப்பாட்டுக்கும் காரணம் கை நடுக்கமன்று. தொடக்கநிலையாளர் நரியை வரைவதில்லை, அதன் புகழை வரைகிறார். தந்திரம், வஞ்சகம், முகத்துதி ஆகியவற்றுக்கு வடிவம் தேடிக் கண்களைச் சாய்க்கிறார், உதட்டை வளைக்கிறார். உண்மையான நரிக்கோ உதட்டோரச் சிரிப்பு இல்லை. பாம்பு, எலி, பூச்சி, இலந்தைப்பழம் எனக் கிடைத்ததைத் தின்னும் பிராணிக்கு வஞ்சகம் பயில நேரமும் இல்லை. ஆகவே கற்க விரும்புவோர் கதையை மறந்து, பேருந்து நிலையத்தில் படுத்திருக்கும் நாயை முதலில் உள்ளவாறு வரைந்து, பின்னர் மூக்கைக் கூராக்கி, காதைப் பெரிதாக்கி, வாலை அடர்த்தியாக்குவதே நேர்வழியாகும்.

அவ்வழியும் கைகொடுக்காதோர் கீழ்வாலையை நினைவிற் கொள்ளலாம். விழுப்புரம் மாவட்டத்து அவ்வூர்ப் பாறையில் செங்காவியால் உருவங்களைத் தீட்டிய பழங்கால மனிதர், எதன் கீழும் பெயர் எழுதி வைக்கவில்லை. விலங்கின்மேல் அமர்ந்தவர் இன்னார், விலங்கு இன்னது என்று ஆராயும் பொறுப்பை அறிஞர்களுக்கே விட்டுவிட்டனர். வரையத் தொடங்கும் முன்பே தாளின் அடியில் ‘நரி’ என்று எழுதிவிடுபவருக்கு இந்த வசதி கிட்டாது. படத்தை முடித்து, வந்திருப்பது எதுவென்று பார்த்து, அதற்குரிய பெயரை அதன் பின்னரே இடுபவருக்கு இவ்வுலகில் வரைய வராத விலங்கு எதுவுமில்லை.