காது உள்ளவர்கள் கூடினால்...

கேள்வி: எதுவுமே பேசிவைத்துக்கொள்ளாமல் நாலைந்து ஜாஸ் கலைஞர்கள் சேர்ந்து வாசித்தால் சந்தைக்கடை இரைச்சலாகிவிடாதா?

பதில்: வாய் மட்டும் உள்ளவர்கள் கூடினால் சந்தைக்கடை, காதும் உள்ளவர்கள் கூடினால் கச்சேரி! 1949-இல் பியானோ கலைஞர் லென்னி டிரிஸ்டானோ தன் குழுவோடு ‘இன்டியூஷன்’ என்ற பதிவைச் செய்தார். மெட்டு, சுருதி, தாளம் எதையும் முன்கூட்டி முடிவுசெய்யவில்லை. யாருக்குப் பின் யார் நுழைவது என்பது மட்டுமே ஏற்பாடு. டிரம்ஸ்கூடக் கிடையாது. டிரிஸ்டானோ பார்வையற்றவர், ஆகவே கண்ஜாடைக்கும் வழியில்லை. லீ கோனிட்ஸ், வார்ன் மார்ஷ் இருவரின் சாக்ஸபோன்களும் ஒன்றையொன்று துரத்திக்கொண்டு ஓடும் அழகே அழகு! இருவரும் அவரிடம் பயின்றவர்கள்; அந்தப் பழக்கம்தான் அங்கே சுருதிப்பெட்டி. மூன்று நிமிடம்கூட ஓடாது. அவசியம் கேளுங்கள், இரண்டு தடவையாவது.