கல்லுல பேர் வரணுமா, பேராண்டி?

வாடா பேராண்டி. கடுகண்ணாவயில டோசன் கோபுரத்து முன்னால செல்ஃபி புடிச்சியாமே? பாத்தேன். 125 அடி கோபுரத்துக்குத் தலையில்ல, உன் பல்லுதான் பளிச்சுனு தெரியுது. பின்னால இருந்த கல்லைப் படிச்சியா? முழிக்கிற முழியிலயே தெரியுது. கேட்டுக்க.

1815ல கண்டி ராச்சியம் வெள்ளைக்காரன் கைக்குப் போச்சு. ஆனா மலை போகல. ரெண்டே வருசத்துல ஊவா, வெல்லஸ்ஸ பக்கம் கலகம். பட்டாளத்தை மேல ஏத்தப் பாதையில்லாம திண்டாடினப்பதான் புத்தி வந்துச்சு: ரோட்டுப் போடாம கண்டி அடங்காது. 1820ல, கவர்னர் வேலை பாத்த எட்வர்ட் பார்ன்ஸ் துரை வேலையத் தொடங்கினாரு. மலையத் துளைச்சு வழி விடுறவனுக்குத்தான் கண்டி கட்டுப்படும்னு பழைய வாக்கு ஒண்ணு உண்டாம். கடுகண்ணாவயில பாறையையே துளைச்சு ரோட்ட விட்டாங்க. ஜோசியத்தையும் கொந்தராத்து எடுத்துட்டாங்க பாரு!

பாதைய வகுத்தவரு கப்டன் டோசன். 1829ல கொழும்புல செத்துப்போனாரு. சிநேகிதங்க காசு சேத்து 1832ல கோபுரம் கட்டினாங்க. அவரோட அறிவும் திறமையும்தான் ரோட்டைத் திட்டம் போட்டு, செஞ்சும் முடிச்சதாம், கல்லு சொல்லுது. அடேங்கப்பா, ஒத்த ஆளா எவ்வளவு மண்ணு சுமந்திருப்பாரு!

நெசத்துல சுமந்தது சுத்துப்பட்டுச் சிங்களக் கிராமத்தாளுங்க. இராஜகாரியம்னு சொல்லிக் கூலியில்லாத வேலை. ராசாவுக்குச் செஞ்ச ஊழியத்த, ராசாவ வேலூருக்கு அனுப்பிட்டு, துரை வாங்கிக்கிட்டாரு. ஊரார் வீட்டு நெய்யே, என் பொண்டாட்டி கையே! கோபுரம் எழும்பின அதே 1832லதான் அந்த ராசா வேலூர்ல கண்ண மூடினாரு.

ஆகவே பேராண்டி, கல்லுல பேர் வரணும்னா சம்மட்டியத் தொடாத, வரைபடத்தத் தொடு. மண்ணுக்கூடை தூக்குற சிநேகிதன் வேணாம், பணப்பை தூக்குறவனாப் புடி. பார்ன்ஸ் துரைக்குக் கொழும்புல சிலையே இருக்கு. அவரு காலடியிலயிருந்துதான் கண்டி எத்தனை மைல்னு அளந்தாங்க. கன்னொறுவயில அவருக்குச் சொந்தமாக் கோப்பித் தோட்டம் வேற. ரோட்டுல பட்டாளம் ஏறுச்சு, கோப்பி இறங்குச்சு. ராசதந்திரம்னா இதுதாண்டா.

அந்தக் கோப்பியப் புடுங்க நம்ம பாட்டன் பூட்டன் கண்டிச் சீமைக்குன்னு மன்னார்க் கரையிலயிருந்து மாத்தளைக்குக் காட்டு வழியா நடந்தாங்களே, அவங்க காலடிய எவன் அளந்தான்? பாதி வழியில வாந்திபேதியில விழுந்தவங்களுக்குக் கோபுரம் கட்டச் சிநேகிதன் இல்ல. இருந்தவனும் பக்கத்துலயே விழுந்து கிடந்தான். 200 வருசம் கழிச்சு, 2023ல, பிள்ளைங்க தலைமன்னார்லயிருந்து மாத்தளைக்கு நடந்து காட்டினாங்க. நீ அப்பவும் வீட்டுல போனத்தான் நோண்டிக்கிட்டிருந்த.

டோசன் மேல எனக்குக் கோவமில்ல. நல்ல ரோட்டு, இன்னைக்கும் பஸ்ஸு அந்த ஏத்தத்துலதான் மூச்சு வாங்குது. நீயும் பேராதனையில இஞ்சினியருக்குப் படிக்கிற. நாளைக்கு ரோட்டுப் போட்டா, கல்லு மட்டும் பெருசா எடு. பேரு நிறைய எழுத வேண்டியிருக்கும். மந்திரி பேருக்கு இடம் பத்தலைன்னா கவலப்படாத. அவருக்குன்னு ஒவ்வொரு மதகுலயும் ஒரு கல்லு இருக்கே!