சிலுவைக்கு அஞ்சாத இரத்தக்காட்டேரிகள்

கேள்வி: ‘டாக்டர் ஹூ’ தொடரின் இரத்தக்காட்டேரிகள் சிலுவையைக் கண்டால் ஓடுமா?

பதில்: சிலுவையைப் பிடித்திருப்பவரைப் பொறுத்தது. 1989 அக்டோபர், நவம்பரில் பிபிசி நான்கு பகுதிகளாக ஒளிபரப்பிய ‘த கர்ஸ் ஆஃப் ஃபென்ரிக்’ கதையில் வரும் ஹீமோவோர் என்னும் காட்டேரிகளுக்குப் பொருள் முக்கியமில்லை. அதன் பின்னுள்ள நம்பிக்கைதான் அவற்றைத் தடுக்கும். இரண்டாம் உலகப் போரில் மனம் உடைந்த பாதிரியார் வெயின்ரைட் கையில் பைபிள் இருந்தும் பலியாகிறார். கடவுளே வேண்டாம் என்ற சோவியத் கேப்டன் சோரின், செந்நட்சத்திரத்தைக் காட்டியே தப்பிக்கிறார். புரட்சிமேல் அவருக்கு அவ்வளவு நம்பிக்கை. கதை ஒளிபரப்பாகிக்கொண்டிருந்தபோதே பெர்லின் சுவர் விழுந்தது என்பது வேறு விஷயம். அந்தச் செய்தி காட்டேரிகளுக்கு எட்டவில்லை போலும்.

டாக்டரோ பழைய தோழர்களின் பெயர்களை முணுமுணுத்தே அவற்றை விரட்டுகிறார். ரசிகர்கள் உருகுவது இங்கேதான்: பழைய அத்தியாயங்களை மனப்பாடம் செய்தவர்களுக்குக் கிடைத்த ஒரே நடைமுறைப் பயன் இது.

ஹீமோவோர்கள் பேய்களும் அல்ல. நஞ்சாகிப்போன எதிர்காலப் பூமியில் மனித இனம் திரிந்து உருவானவை. ரப்பர் முகமூடி இன்று சிரிப்பூட்டலாம். ஆனால் உச்சக்கட்டத்தில், மூத்த ஹீமோவோர் ஃபென்ரிக் என்னும் தீய சக்தியை அழிக்க வழிவிடுவதற்காக, தன்மேல் தோழி ஏஸ் வைத்த நம்பிக்கையை டாக்டரே கடுஞ்சொற்களால் உடைக்கும்போது எந்த ரசிகரும் முகமூடியைப் பார்ப்பதில்லை. இதையடுத்து ஒரே ஒரு கதையோடு தொடர் நின்றது. வாராந்தரத் தொடராக மீண்டது 2005இல். இடையில் ரசிகர்கள் எந்தச் சிலுவையைப் பிடித்திருந்தார்களோ!