வீட்டுக் கார்க்காரர்

2022 ஏப்ரலில் சித்தூரிலிருந்து பிரிந்து திருப்பதி தனி மாவட்டமானபோது கோப்புகளும் அலுவலகங்களும் பங்கிடப்பட்டனவேயன்றி, இரு நகரங்களுக்கும் பொதுவான வீட்டுக் கார்க்காரர் என்னும் வகையினர் எந்தப் பங்கிலும் சேராமல் இருபுறமும் தங்கிவிட்டனர். பழைய எஞ்சினையும் சக்கரங்களையும் விலைக்கு வாங்கி, இரும்புக் குழாய்களைப் பற்றவைத்துச் சட்டகம் அமைத்து, அதன்மேல் ஃபைபர் கூட்டைக் கவிழ்த்துத் தமக்கான காரைத் தாமே கட்டிக்கொள்பவரே இவ்வகையினர். புதிய வண்டியின் மாதிரியைப் புனேயிலுள்ள ஏ.ஆர்.ஏ.ஐ. போன்ற சோதனை நிலையத்தில் காட்டிச் சான்று பெற வேண்டும் என்கிறது 1989ஆம் ஆண்டு மத்திய மோட்டார் வாகன விதிகளின் 126ஆவது விதி. இவருடைய கார் வாசலையே இன்னும் தாண்டாததால், சட்டத்துக்கும் இவருக்கும் இதுவரை மனத்தாங்கல் நேர்ந்ததில்லை.

இவரது முழு இயல்பும் பின்விளக்குக்கு வயர் இழுக்கும் நாளில்தான் புலப்படும். ஒரே பல்புக்குள் இரண்டு இழைகள் உண்டு என்பதையும், அவற்றுள் 5 வாட் இழை இரவு முழுதும் எரிவதற்கும் 21 வாட் இழை பிரேக்கை மிதிக்கையில் பளிச்சிடுவதற்கும் உரியவை என்பதையும் தெருவுக்கே விளக்கி முடித்தபின், மனைவியை வண்டிக்குப் பின்னால் நிறுத்திவிட்டு இவர் பிரேக்கை மிதிப்பார். "எரியுதா?" என்னும் வினாவுக்கு, "இண்டிகேட்டர்தான் லேசா எரியுதுங்க" என்று விடை வரும். உடனே பல்பு போலி எனத் தீர்ப்பாகும்; புதிய பல்பும் அவ்வாறே நடந்துகொண்டால் ராகுகாலம் காரணமாகும்; பாட்டரியை மட்டும் இவர் குறைசொல்லார், ஏனெனில் அமரான் பாட்டரி திருப்பதியை ஒட்டிய கரகம்பாடியின் அமரராஜா நிறுவனத்துடையது, ஊர்ப் பொருளைப் பழிப்பது இவர் மரபன்று.

உண்மைக் காரணம் எர்த்து, அதாவது பல்புக்குச் சென்ற மின்னோட்டம் பாட்டரியின் எதிர்முனைக்குத் திரும்பும் வழி. தகரக் கார்களில் உடலே அவ்வழியாகிவிடுகிறது. ஃபைபரோ மின்சாரத்தைக் கடத்தாது என்பதால், விளக்கிலிருந்து சட்டகத்துக்குத் தனி வயர் ஓட வேண்டும். அது இல்லாவிடில் மின்னோட்டம் அடுத்த பல்பின் இழைக்குள் நுழைந்து திரும்பப் பார்க்க, எரிய வேண்டியது மங்கி, எரியக் கூடாதது மினுங்கும். 1944இல் அமைந்த மலைப்பாதை ஏறவும் இறங்கவும் ஒன்றாகவே இருந்து, 1974இல் இரண்டாம் பாதை வந்தபின் ஏற ஒன்று, இறங்க ஒன்று எனத் திருமலைக்கு வழி பிரிந்ததை நன்கறிந்த இவர், மின்னோட்டத்தை மட்டும் மேலே ஏற்றிவிட்டு இறங்கும் பாதையை மறந்துவிடுகிறார்.

இறுதியில் லாரிகளுக்கு வயரிங் செய்யும் பையன் அழைக்கப்படுவான். "எர்த்து எக்கட சார்?" என்று கேட்டு, சட்டகத்தில் பெயிண்டைச் சுரண்டி, ஒரு முழ வயரைப் போல்ட்டில் முடுக்கியதும் எல்லா விளக்குகளும் முறைப்படி எரியும். தாம் எண்ணியதும் அதுவே என அறிவித்துவிட்டு, முன்னோக்கி ஓர் அடியும் நகராத அக்கார் பின்னோக்கிச் செல்லும்போது எரிய வேண்டிய வெள்ளை விளக்கைப் பற்றி அன்றிரவே இவர் படம் வரையத் தொடங்குவார்.